தானே கை தூக்கியவர்

பொங்கலும் எங்கள் நோன்பும் ஒரே மாதத்தில் வந்த வருடம் அது. கூத்தாநல்லூரில் என் பழைய பாத்திரக் கடைக்குப் பக்கத்துத் திடலில் சடுகுடுப் போட்டி நடந்தது. இடைவேளையில் ஆட்டக்காரர்கள் என் கடை நிழலுக்கு வந்து சோடா குடிப்பார்கள். ஒருவர் மட்டும் சோடாவை எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். சாதியை நினைத்துத் தள்ளிப் போகிறாரோ என்று எனக்குச் சங்கடம்.

"இங்கயே உக்காந்து குடிப்பா. என் கடையில அந்தப் பேச்செல்லாம் கிடையாது" என்றேன்.

சிரித்துத் தலையாட்டினார். மறுநாளும் வேலிப் பக்கம்தான் போனார். பெருநாள் கழிந்த பிறகுதான் என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். நோன்புக்காரன் கண் முன்னால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இருந்திருக்கிறார். அவர் அதைச் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

அவர்தான் சாமிதுரை. பக்கத்துக் கிராமம். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாயார் ராமாயி அம்மா அந்த ஊர்ப் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். பண்ணையை ஊரில் 'பெரிய வீடு' என்பார்கள். அந்த அம்மாவின் கூலி நெல்லில்தான் சாமிதுரை பதினோராம் வகுப்பு முடித்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் அவர் படித்ததைப் பற்றி எழுதும்போது தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குப் பயமில்லை.

எதிரணிக் களத்துக்குள் அவர் பாடிப் போனால் திடலில் பேச்சு நின்றுவிடும். அவ்வளவு நீண்ட மூச்சு. அதைவிடப் பெரிய பேர் அவருக்கு இன்னொன்றில். பாடி வரும் எதிராளியின் விரல் தன் மேல் பட்டால், நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்காருவார். ஒரு இறுதி ஆட்டத்தில் அப்படிப் போனதால் கோப்பையே கைவிட்டுப் போனது. அணித் தலைவர் காத்தான் அண்ணன் அடிக்க வந்துவிட்டார்.

"நடுவரே பாக்கல. உனக்கு என்னடா அரிப்பு?"

"பாக்கலைன்னா படலைன்னு ஆயிடுமா அண்ணே?" என்றார் சாமிதுரை.

அறுபத்தேழில், ஆட்சி மாறிய வருடம், மேற்கே ஒரு நூற்பாலைக்காரர்கள் அவரைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆலையில் பேருக்குத்தான் வேலை, ஆட்டத்துக்குத்தான் சம்பளம். மாநில அணியிலும் ஆடினார். பத்திரிகையில் படம் வந்தது. கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

அதே வருடங்களில்தான் எங்கள் பக்கம் வயல் தகராறு முற்றியது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கொடு என்று அறுப்புக்காரர்கள் நின்றார்கள். வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று மிராசுதார்கள் நின்றார்கள். காத்தான் அண்ணன் செங்கொடி பிடித்துச் சங்கத்துக்குத் தலைவரானார். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். சாமிதுரை அப்போது விடுமுறையில் வந்திருந்தார்.

ராமாயி அம்மா எழுந்து, "பெரிய வீட்டுல கூலி அளக்குற மரக்கால் சின்னதுங்கய்யா. சந்தை மரக்கால் மாதிரி இல்ல" என்றார்.

"அதுக்கு என்னம்மா சாட்சி?"

"என் வயிறுதாங்கய்யா சாட்சி."

சிரிப்பு கிளம்பியது. பண்ணைக் காரியஸ்தர் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்று மாலை சாமிதுரை என் கடைக்கு வந்து, சுவரில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் படத்தைப் பேப்பர்ல போடுறாங்க பாய். எங்க அம்மா சொன்னதை ஒருத்தரும் எழுத மாட்டேங்குறாங்க. நானே எழுதுறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

ஆலைக்குத் திரும்பிப் போய் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல். அணியின் பயிற்சியும் மாலையில், பாடமும் மாலையில். ஆட்டமா படிப்பா என்று ஆலை மேனேஜர் கேட்டாராம். படிப்பு என்று சொல்லிவிட்டார். இன்னும் நான்கைந்து வருடம் ஆடியிருக்கலாம், காலில் ஒரு குறையும் இல்லை. மறுநாளே அவரை நிஜமான வேலைக்கு, பஞ்சு பறக்கும் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். காத்தான் அண்ணன் என் கடையில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "சிங்கம் மாதிரி ஆடுனவன் பென்சிலைச் சீவிக்கிட்டு உக்காந்திருக்கானாம் பாய்."

பென்சில் வீண்போகவில்லை. பி.ஏ., எம்.ஏ. முடித்துத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்கு வரலாற்று ஆசிரியராக வந்தார். அறுப்புக் கூலியைப் பற்றியே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எடுத்தார். படித்தவர்கள் கேட்டால் வாயைத் திறக்காத கிழவர்கள்கூட, "நம்ம சடுகுடு சாமிதுரையா?" என்று உட்காரவைத்துப் பேசினார்கள். எழுதி முடித்துக் கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டாம், யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாமாம். அதைத் தாண்டினால் டாக்டர்.

அதற்குள் நில உச்சவரம்புச் சட்டம் வந்து பெரிய வீடும் கலைந்திருந்தது. அவர்களுடைய சாமான்களை நான் விலைக்கு எடுத்தபோது, பண்ணை முத்திரை போட்ட இரும்புப் பட்டை மரக்கால் என் கடைக்கு வந்து சேர்ந்தது. "இதுதான், இதே ஒண்ணுதான்" என்று காத்தான் அண்ணனே அடையாளம் சொன்னார். தேர்வுக்கு முந்தின வாரம் அதை வாங்கிப்போக சாமிதுரை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சபையில காட்டணும் பாய். எங்க அம்மாவோட சாட்சி இது."

என்னிடம் சந்தை மரக்கால் ஒன்றும் இருந்தது. வேடிக்கைக்குத்தான் பெரிய வீட்டு மரக்காலில் நெல்லை அளந்து அதில் கொட்டினார். சரியாக நிரம்பியது. மாற்றிக் கொட்டினார். அதுவும் சரியாக நிரம்பியது. இரண்டும் ஒரே அளவு. சிரிப்பு போய்விட்டது. அந்த மரக்கால் சின்னது என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். அளந்து பார்க்கவில்லை. தாய் சொன்னதை எந்தப் பிள்ளை அளந்து பார்க்கும்?

நேராக ராமாயி அம்மாவிடம் போனோம். "கூலி அளக்குறப்ப நீ எங்கம்மா நிப்பே?" என்று கேட்டார்.

"எங்க நிக்கிறது? களத்துக்குக் கீழதான். நெல் அம்பாரம் கிட்ட நம்மள விடுவாங்களா? முந்தானையை ஏந்திக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்கணும். வீட்டுல வந்து பானையில கொட்டுனா குறையும். மரக்கால் சின்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம்."

பிறகு பழைய குத்தகைக்காரர் ஒருவரைப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. பெரிய வீடு குத்தகை நெல் வாங்கும்போது மரக்காலின் மேல் கோபுரமாகக் குவித்து வாங்கும். கூலி கொடுக்கும்போது அதே மரக்காலில் கையை விளிம்புக்கு உள்ளே அழுத்தி நெல்லை வழித்துத்தான் அளக்கும். தனக்கு வாங்கும்போது நிறைத்தும் பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்தும் அளப்பவனுக்குக் கேடுதான் என்று எங்கள் பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காத்தான் அண்ணனுக்குச் சிலிர்க்கவில்லை. "எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். இத்தனை வருசமா மேடைக்கு மேடை நான் அதைத்தான் பேசியிருக்கேன். வாயை மூடிக்கிட்டு டாக்டராகு" என்றார்.

சாமிதுரை மரக்காலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கும் பயம்தான். ஆலை வேலையை விட்டு, ஆட்டத்தை விட்டு, இந்த ஒரு பட்டத்துக்காகத்தானே வந்தார்.

தேர்வு நாளில் ராமாயி அம்மா, காத்தான் அண்ணன், நான் மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் அமிர்தலிங்கம் முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். சாமிதுரை எழுந்து நின்றதும், ஒருவரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். திடலில் தூக்கிய அதே மாதிரி. என் பக்கத்தில் காத்தான் அண்ணன், "தூக்கிட்டான்யா" என்று முனகினார்.

"என் நாலாவது அத்தியாயம் தப்புங்க" என்றார் சாமிதுரை.

அமிர்தலிங்கம் முகம் சுண்டிவிட்டது. சாமிதுரை மேஜைமேல் மரக்காலை வைத்து, கொண்டுவந்த நெல்லை அளந்து காட்டினார். கோபுரமாக ஒரு தடவை. நெல் சிதறி மேஜையெல்லாம் ஓடியது. வழித்து ஒரு தடவை. இரண்டையும் தனித்தனியாகக் கொட்டி வைத்தார். குவியல்களின் வித்தியாசம் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "அப்ப உங்க அம்மா சொன்னது பொய்யா?"

"குறைஞ்சதுங்கிறது நிஜம்ங்க. மரக்கால் சின்னதுங்கிறது தப்பு. அவங்களைப் பாக்க விடல. நான் பாத்திருக்கணும்."

பட்டம் அன்று கிடைக்கவில்லை. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு மறுபடி வரச் சொன்னார்கள். ராமாயி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டானா தம்பி?" என்றார்.

எனக்கு முந்திக்கொண்டு காத்தான் அண்ணன் பதில் சொன்னார். "வெளிய உக்காந்திருக்கான் ஆத்தா. திரும்ப உள்ள வருவான். சடுகுடுல அப்படித்தான்."

வந்தார். திருத்தின அத்தியாயத்தைத்தான் தேர்வாளர் எல்லாவற்றிலும் மேலாகச் சொன்னாராம். பெரிய வீட்டின் பேரப்பிள்ளையால்கூட அதை மறுக்க முடியவில்லை. காத்தான் அண்ணனும் மேடையில் இப்போது மரக்காலைச் சொல்வதில்லை, கையைத்தான் சொல்கிறார். சொல்லும்போது வழித்தும் காட்டுகிறார்.

போன வருடம் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சாமிதுரையைக் கூப்பிட்டார்கள். ராமாயி அம்மாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தேர்வு முடிந்து என் கடைக்கே திரும்பியிருந்த மரக்காலைத் துணியில் சுற்றித் திருவாரூர் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன். "டாக்டர் சார், இது உங்களோடதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"சாரா? உதை வாங்குவீங்க பாய்" என்று சிரித்தார். மரக்காலை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்.

"கடையிலயே இருக்கட்டும் பாய். படிக்கிற பிள்ளைங்க தேடி வந்தா கையில குடுங்க. நான் எழுதுனதையும் நம்ப வேணாம், அளந்து பாத்துட்டு எழுதச் சொல்லுங்க."