அத்தை கொடுத்த கொசுறு

அத்தையை நினைத்தால், கூழ்ப்பானையை இரண்டு கையாலும் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரே சானிட்டரி இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் பினாயில் வாளியோடு இரண்டு ஆட்கள். ஆலை வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் அவள் கடை என்று இருந்ததே ஒரு பானையும் கூடையும் சில தகரக் குவளைகளும்தான். பானையில் பினாயிலைக் கொட்டி அவளை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. அத்தை வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்காமல் பானையைத் தூக்கினாள். கூழ் அவள் கழுத்தில் வழிந்து முந்தானையை நனைத்தது. மூச்சு முட்டும் மட்டும் குடித்துவிட்டு இறக்கி வைத்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மீதி கீது பாரு இன்ஸ்பெட்டரய்யா, நீ இன்னாத்த ஊத்தறியோ ஊத்திக்கோ. ஆனா நாளைக்கு வந்து நான் கீறனா பூட்டனான்னு பாத்துட்டுப் போ" என்றாள். மறுநாள் அவர் வந்து பார்த்தபோது அத்தை அதே இடத்தில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் என் அப்பாவின் தங்கை. ராயபுரம் குப்பத்தில் பிறந்தவள். மாமா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கி நெஞ்சு கெட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அவள் கூழ் காய்ச்சித் தலையில் சுமந்துகொண்டு திருவொற்றியூர் சாலையில் இருந்த அந்த ஆலைக்குப் போக ஆரம்பித்தாள். கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. ஆலையில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் பகல் சாப்பாடு. நான் அப்போது ராயபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அத்தை அதை ஒரு நாளும் மதித்ததில்லை. "இன்னா நைனா, தண்ணியில செவப்புக் கலந்து குடுக்கறதுக்கு இம்மாம் பெரிய கோட்டு போடணுமா" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிடுவாள்.

அந்தக் கோடையில் ஆலைக்காரர்களுக்கு வாந்திபேதி வந்தது. காலையில் வேலைக்குப் போனவனை மாலையில் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஊருக்கு வெளியே மணல்மேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு நோயாளிகளை அங்கே கிடத்தினார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, வாளி கழுவுவது, கண்ணை மூடிவிடுவது எல்லாம் என் வேலை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி விளங்காது, அவர் பேச்சு எங்களவர்களுக்கு முழுசாகவே விளங்காது. அதனால் நடுவில் என்னை நிறுத்திக்கொண்டார். அவர் கட்டில் கட்டிலாகப் போய், "நேத்து என்ன சாப்பிட்டீய?" என்று கேட்பார். நான் குனிந்து, "இன்னா துன்னே?" என்று கேட்பேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கூழும் கருவாடும். எங்கே? பூவரச மரத்தடியில்.

அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? மேலே இருந்தவர்களுக்கு மீன் வாடையே போதுமானதாக இருந்தது. எங்கள் பக்கம் என்றாலே கலீஜ் என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள். குப்பத்தில் காயவைத்த கருவாட்டையெல்லாம் அள்ளிக் கொளுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மீன்கூடையோடு டிராமில் ஏறப்போன பெண்களை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆண்டாண்டாக அந்தக் கருவாட்டைத் தின்று, அந்தத் தெம்பில்தான் இந்தத் துறைமுகத்தில் மூட்டை ஏறி இறங்கிற்று.

இன்ஸ்பெக்டர் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அதற்கு அத்தை பானையைக் கவிழ்த்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆலையில் வேலை பார்த்த பெண்கள். அவர்கள் மரத்தடியில் உட்கார மாட்டார்கள். அதே பானைக் கூழைத் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களில் ஒருத்திக்கும் நோய் இல்லை. இதற்கு நேர்மாறாகக் கேட்டுக்காரர் மகளுக்கு நோய் வந்தது. ஆலை வாசலில் தடியோடு நிற்கும் கேட்டுக்காரர் சைவம். அவர் வீட்டில் கருவாட்டுப் பேச்சே கிடையாது. அந்தப் பெண் அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும், காலி அடுக்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும், அவ்வளவுதான். கூழ் ஒரு வாய்கூடக் குடித்தறியாத அந்தப் பிள்ளை எங்கள் கொட்டகைக்கு வந்து மறுநாளே இறந்துபோயிற்று.

அன்றே இன்ஸ்பெக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு அத்தையிடம் போனார். "கேட்டுக்காரர் மவளுக்கு நீ என்ன கொடுத்தே?" என்றார். அத்தைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒண்ணும் குடுக்கல. எத்தினி தபா கேப்பே? கூயு குடுக்கல, கருவாடு குடுக்கல. குடுத்தா அவங்கப்பன் பேஜாரு பண்ணுவாரு. இன்னா, திரும்பிப் போவசொல்லோ கொசுறா ஒரு பிஞ்சு..." என்றாள். அங்கேயே நின்றுவிட்டது அவள் பேச்சு. அவர் என்னைப் பார்த்தார். கொசுறு என்றால் என்ன என்று கேட்கிறார் என்று நினைத்து நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்தச் சொல் அவர் ஊரிலும் இருந்தது.

வெள்ளரிப் பிஞ்சு. கோடையில் மணலிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒரு ஆள் கோணியில் கொண்டுவந்து போடுவான். அத்தை அதை நாலாகக் கீறி, உப்புத் தடவி, மரத்தடியில் உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கீற்று நீட்டுவாள். அதற்குக் காசு கிடையாது. தூக்கில் வாங்கிப் போகிறவர்களுக்கு அது இல்லை, ஏனென்றால் கொசுறு உட்கார்ந்து குடிக்கிறவனுக்குச் செய்கிற மரியாதை. வெற்றிலை போட்ட வாய்க்குப் பிஞ்சு ருசிக்காது என்று அவள் மட்டும் அதைத் தொடமாட்டாள். நாங்கள் எத்தனை கட்டிலில் குனிந்து கேட்டிருப்போம்! ஒருவனாவது வெள்ளரிப் பிஞ்சு என்று சொல்லவில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. எங்களவர்களுக்குத் துன்றது என்றால் அடுப்பில் ஏறி இறங்கியதுதான். கொசுறு அந்தக் கணக்கிலேயே வராது. விற்றவளுக்கு அது விற்பனையில்லை, வாங்கியவனுக்கு அது சாப்பாடில்லை. எனக்கே அது தோன்றவில்லை, அத்தனைக்கும் நானும் அந்த மரத்தடியில் வளர்ந்தவன்தான்.

பிஞ்சு கொண்டுவருகிறவனைப் பிடித்து, அவன் வரும் வழியிலேயே இன்ஸ்பெக்டரும் நானும் அத்தையும் நடந்தோம். வராதே என்று நாங்கள் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. ஆலைக்குப் பின்புறம் கால்வாய். அந்த வருஷம் கால்வாய் வற்றி, அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. வெயிலில் பிஞ்சு வாடாமலிருக்கக் கோணியை அங்கேதான் முக்கி எடுப்பேன் என்று அவன் வெள்ளந்தியாகக் காட்டினான். வேறெங்கும் இல்லாத தண்ணீர் அங்கே மட்டும் எங்கிருந்து வந்தது? கரையில் முளைத்திருந்த கோரையை இன்ஸ்பெக்டர் காலால் விலக்கினார். ஆலைச் சுவருக்கு அடியிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கக்கூஸ் தண்ணீர் அத்தனையும் அதன் வழியாக அங்கே வடிந்துகொண்டிருந்தது. அத்தை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் கையால குடுத்தேன். வேணாம் வேணாம்னுச்சு, நான்தான் துன்னு கண்ணுன்னு குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இன்ஸ்பெக்டர் கண்டதைக் கண்டபடியே எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்களுக்குக் குழாய் கண்ணில் படவில்லை. தெருவில் விற்கிறவர்களின் அசுத்தமே நோய்க்குக் காரணம் என்று முடித்து, அத்தையின் கடையை எடுக்கச் சொல்லிவிட்டு, அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம் வந்து, "நான் பொய் எழுதலை தம்பி, அது மட்டும் ஒங்க அத்தைட்ட சொல்லிரு" என்றார். நல்ல மனிதர். அவர் போன கையோடு ஆலை மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொசுறு விஷயம் நாலு பேருக்குத்தான் தெரியும், தெரிந்தவரைக்கும் இருக்கட்டும், குழாயைப் பற்றி அத்தை வாயைத் திறக்காமல் இருந்தால் பழையபடி அதே மரத்தடியில் கடை போடலாம், கீற்றுப் பந்தல்கூட ஆலைச் செலவில் போட்டுத் தருகிறோம் என்றார். மாமா படுத்தபடியே, "சரின்னு சொல்லுடி. பிஞ்ச நீ குடுத்தேன்னு தெரிஞ்சா உன்னை ஊர்ல வெச்சுப் பாப்பானுங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர், அண்ணனைப் பறிகொடுத்தவர் எல்லாரும் எங்கள் தெருவைச் சுற்றித்தான் இருந்தார்கள். குழாயைச் சொல்ல வேண்டுமானால் பிஞ்சைச் சொல்லியாக வேண்டும். பிஞ்சைச் சொன்னால் கொடுத்த கையைச் சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்தால் கோணி மறுபடியும் அந்தத் தண்ணீரில் முங்கும்.

அத்தை மேஸ்திரிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். "இது கெணத்துத் தண்ணி, பயப்படாம குடி. பந்தலு வாணாம்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதி ஆலை விட்டபோது அவள் வாசலுக்கு நேராகச் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பானை இல்லை, கூடை இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தவன், அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வேலை போனால் போகட்டும் என்று அப்போது தோன்றிற்று. வெளியே வந்த கூட்டம் அவளைக் கண்டு தயங்கி நின்றது. அத்தைக்குச் சின்ன வயசில் மீன் விற்ற தொண்டை, மூன்று தெருவுக்குக் கேட்கும். "எல்லாரும் நில்லுங்க" என்றாள். "உங்களுக்கு வந்த சீக்கு என் கூயுல வல்ல, கருவாட்டுல வல்ல. நான் கொசுறா குடுத்தனே வெள்ளரிப் பிஞ்சு, அதுல வந்துது. என் கைதான் குடுத்துது. அந்தப் பிஞ்சு முங்கி வந்த தண்ணி இந்த ஆலை கக்கூஸ் தண்ணி. பின்னால போய்ப் பாருங்க, கொயா கீது. என்னை இன்னா பண்றதுன்னாலும் அப்பால பண்ணுங்க, மொதல்ல அதைப் போய்ப் பாருங்க."

கூட்டத்தில் பின்னால் இருந்தவன் ஒருவன் கல்லை எடுத்ததையும் அவன் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்ததையும் பார்த்தேன். அதற்குள் ஆபீஸ் வராந்தாவிலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார், அந்தப் பொம்பளையை அடித்து விரட்டு என்று. கேட்டுக்காரர் தடியோடு இறங்கி வந்தார். மகளைப் புதைத்து மாதம்கூட ஆகாதவர். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அத்தை நகரவில்லை. அவரைப் பார்த்து, "அண்ணே, உன் பொண்ணுக்கும் நான்தான் குடுத்தேன்" என்றாள். அவர் அவளுக்கு எதிரே வந்து நின்றார். நான் குறுக்கே பாய்ந்திருக்க வேண்டும், பாயவில்லை. பிறகு தடியைக் கீழே போட்டார். அத்தைக்குப் பக்கத்தில் அந்தச் சாலையிலேயே, ஆலைக்கு முகம் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லு தங்கச்சி" என்றார். "இன்னொரு தபா சொல்லு. உள்ள குந்திகினு கீறவனுக்குக் கேக்கட்டும்."

அத்தை மறுபடியும் சொன்னாள். கொடுத்த கையிலிருந்தே ஆரம்பித்துச் சொன்னாள். அதன்பிறகு கூட்டம் மொத்தமும் சுவரைச் சுற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போயிற்று. மறுநாள் ஒருவரும் உள்ளே போகவில்லை. அந்தக் குழாயைக் கால்வாயில் விடாமல் வேறு பக்கம் திருப்பியது அதற்கு அப்புறம்தான், ஆனால் ஆலை தானாகவே மனமிரங்கிச் செய்ததாகப் பின்னாளில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷத்து வாந்திபேதியைப் பற்றி இன்றும் பேச்சு வந்தால், படித்தவர்கள்கூடக் குப்பத்துக் கருவாட்டில் வந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது வேறென்னவோ கட்டடம், பூவரச மரம் இல்லை, அத்தையும் கேட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் நான் இன்னொரு தபா சொல்கிறேன். எங்கள் அத்தை கொடுத்த பிஞ்சில் வந்தது, ஆலை விட்ட தண்ணீரில் வந்தது. அவள் தன் பங்கை நடுச்சாலையில் நின்று ஒப்புக்கொண்டாள். ஆலைக்காரன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.