மச்சாளின் புத்தகத்தில் நான் வெட்டிய இடங்கள்

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். கொப்பியைத் திறப்பேன், தேதியைப் போடுவேன், மூடிவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூசையில் வாசகம் வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் எழுதாமல் இருந்ததற்குப் படிப்புக் குறைவு காரணமில்லை. காரணம், இப்போது என் மேசையில் திறந்து கிடக்கிற இந்தப் புத்தகம். அதன் கடைசித் தாளில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. சதுரமாக, நேராக, கவனமாக வெட்டிய ஓட்டைகள். அவற்றினூடாக மேசைத் துணியின் நீலப் பூக்கள் தெரிகின்றன. வெட்டியவன் நான்.

புத்தகத்தை எழுதியவர் என் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள். மன்னாரிலிருந்து எங்களுக்கு முன்பே இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்தவர். எங்களுடைய முதல் அறையும் என்னுடைய முதல் வேலையும் அவர் அலைந்து பார்த்துத் தந்தவை. அவருக்குப் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், படுக்கையில் கிடந்த வயதான சினோராவைப் பார்க்கிற வேலை. அங்கேயே தங்க வேண்டும். ஞாயிறும் இல்லை, வியாழன் பின்னேரம் மட்டும்தான் விடுப்பு. அந்த வியாழன்களில் ஸ்தாசியோனேயில் பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அக்காவும் தங்கச்சியும் சமையல் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தால், நான் தேத்தண்ணிக்கு மூன்று தரம் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தச் சினோராவுக்குக் கண் மங்கல், காது மட்டும் கூர்மை. விடிந்ததிலிருந்து தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாட்களில் செய்தியில் பாதி அமெரிக்கா. யார் பேசினாலும் சினோரா “பிராவோ, பிராவோ” என்பார். ஆளுகிறவருக்கும் பிராவோ, அவரைத் திட்டுகிறவருக்கும் பிராவோ. மச்சாள் சூப் கரண்டியோடு பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டயரியில் எழுதத் தொடங்கினார். “இவ்வளவையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குத்தான் வருத்தம் வரும், தம்பி” என்றார் என்னிடம். எழுதி முடித்ததும் ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் அடிப்பித்து, லீவில் போய் வந்த ஒருவரின் சூட்கேசில் புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

புத்தகம் முழுக்க அமெரிக்க அரசியலைப் பற்றிய நக்கல். பெயர் சொல்லாத ஒரு ஜனாதிபதி. அவருக்குக் கெட்ட செய்தி ஒத்துக்கொள்ளாது, கேட்டால் உடம்பு தடித்துவிடும். அதனால் அவருடைய செயலாளர் காலையில் பத்திரிகையை எடுத்துக் கெட்ட செய்தியை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நாளாக நாளாக ஓட்டைகள் பெருகும். கடைசியில் நான்கு ஓரம் மட்டும் மிஞ்சின பத்திரிகையை ஜனாதிபதி விரித்துப் பிடிக்கிறார். ஓட்டைக்குள்ளால் எதிரே நிற்கிற செயலாளரின் முகம் தெரிகிறது. “இண்டைக்கு உம்மடை படம் வந்திருக்குது!” என்று அவருக்குச் சந்தோஷம். அந்த இடத்தை வாசித்து நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இன்னொரு அத்தியாயத்தில் அந்த ஜனாதிபதிக்காகச் செபிக்கிற ஒரு பெண் வருகிறாள். மன்றாட்டுக்கு ஒன்றாக, முகம் துடைக்கிற தன் லேஞ்சியில் முடிச்சுப் போடுவாள். போர் நிற்க ஒரு முடிச்சு, ஜனாதிபதியின் மூக்குத் தடிமன் மாற ஒரு முடிச்சு, அவர் தேர்தலில் வெல்ல மூன்று முடிச்சு. உண்மையாகவே அழுகை வந்த ஒரு நாளில் கண்ணைத் துடைக்க அவளுடைய லேஞ்சியில் இடம் இருக்காது.

லேஞ்சியில் முடிச்சுப் போட்டுச் செபிப்பது என் மனைவியின் பழக்கம். எங்கள் சனத்துக்குள் வேறு யாரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. அவளுடைய வெள்ளிக்கிழமைச் செபக் கூட்டத்தில் அந்த நேரம் அமெரிக்கத் தலைவருக்காகவும் மன்றாடினார்கள். அவர் நினைத்தால் சண்டைகள் நிற்கும் என்று நம்பினார்கள். அவள் அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்துப் புத்தகத்தைக் குப்புற வைத்தாள். “அமெரிக்காவிலை ஆர் லேஞ்சியிலை முடிச்சுப் போடுறது? அக்கா என்னை விக்கிறா” என்றாள். சத்தம் போடவில்லை. அடுத்த வியாழன் மச்சாள் வந்தபோது இவள் அறைக்குள் படுத்திருந்தாள். மச்சாள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னோடு வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கிறதைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற சிற்றாலயத்தின் பின்புறம் ஒரு புத்தக அலுமாரி உண்டு. அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். புத்தகங்கள் திரும்பி வருவதில்லை என்று முன்பிருந்த பங்குச் சுவாமி ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் வெறுந்தாள் ஒட்டியிருக்கும். வாசித்தவர் பெயர் போடாமல் தன் கருத்தை அதில் எழுத வேண்டும். எழுதுகிற ஆசையிலாவது கொண்டு வருவார்கள் என்பது அவர் கணக்கு. பெயர் இல்லாவிட்டாலும் எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்பது வேறு கதை. மச்சாளின் புத்தகமும் அலுமாரிக்குப் போனது. இரண்டு மாதத்தில் ஒட்டின தாளின் முன்பக்கம் நிறைந்துவிட்டது.

வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி இறக்குகிற ஒருவர் எழுதியிருந்தார்: “வேலை நேரத்தில் நினைச்சுச் சிரிச்சுப் பெட்டியைக் காலில் போட்டிட்டன். பரவாயில்லை.” இரவல் வாங்கி வாசித்த ஒரு சைவக்காரர் எழுதியிருந்தார்: “எங்கடை கோயில் சபையைப் பற்றியும் எழுதுங்கோ. விஷயம் நான் தாறன்.” இன்னொருவர்: “இது அமெரிக்கா இல்லை. இது எங்கடை திருநாள் கொமிட்டி. எனக்குத் தெரியாதெண்டு நினைக்க வேண்டாம்.” இவை மூன்றும் இப்போதும் அந்தத் தாளில் ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கின்றன.

ஓட்டைகளில் இருந்தவற்றையும் எழுதுகிறேன். முதலாவது: “அமெரிக்கா போகாத ஆள் அமெரிக்காவைப் பற்றி எழுதுறது. வேலை பாக்கிற வீட்டில் டி.வி. பார்த்தால் புத்தகம் எழுதலாமோ?” இரண்டாவது, ஒரு தாயின் எழுத்து: “என்ரை பிள்ளை அங்கை அகதியெண்டு அசூல் கேட்டு நிக்கிறான். இதை ஆரும் இங்கிலீசில் மாத்திக் கொடுத்தால் அவன்ரை கேசுக்கு ஆர் பொறுப்பு? தயவு செய்து இதை எடுத்துப் போடுங்கோ.” மூன்றாவது தாளின் அடியில் இருந்தது: “அக்கா, அது என்ரை லேஞ்சி. அதில் முதல் முடிச்சு எப்பவும் உனக்குத்தான் போடுறனான். அதையும் சனத்துக்குச் சிரிக்கக் கொடுத்திட்டாய்.”

என் மனைவியின் எழுத்து எனக்குத் தெரியாதா? அலுமாரி முன்னால் நின்று அதை வாசித்தேன். ஒவ்வொரு வியாழனும் மச்சாள் இந்தக் கருத்துக்களுக்காகக் காத்திருப்பார். எங்கள் வீட்டுக்கு வராமல் விட்ட பிறகு அவருக்குப் போக இடமில்லை. ஸ்தாசியோனே முன்னால், பிரான்காச்சோ பஸ் வந்து நிற்கிற இடத்தில் வாங்குப் பலகையில் இருப்பார், பஸ்ஸில் ஏறமாட்டார். நான் வேலை முடிந்து அதே இடத்தில் பஸ் எடுப்பதால் கொஞ்ச நேரம் அவரோடு இருப்பேன். “என்ன எழுதியிருக்கினம், தம்பி?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குள்ளேயே இரண்டாவது கேள்வியும் இருந்தது, அவர் வாயால் கேட்கவில்லை.

பூசை உடுப்பு வைக்கிற சங்கிறீஸ்து அறைக்குள் மெழுகுதிரித் திரி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்து மூன்றையும் வெட்டினேன். நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். எழுதின கடதாசியைக் குப்பையில் போடுவது எங்கள் வழக்கமில்லை. குருத்தோலையையும் படங்களையும் எரிப்பதுபோல, மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரித் தட்டில் வைத்து எரித்தேன். ஒரு அருள்நிறைந்த மந்திரமும் சொன்னேன். மறுபக்கத்தில் யாரும் எழுதவில்லை என்று நினைத்ததால் துண்டுகளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த வியாழன் புத்தகத்தை நானே கையில் பிடித்து நல்லவற்றை மட்டும் வாசித்தேன். மீன் பெட்டிக்காரருக்கு மச்சாள் நன்றாகச் சிரித்தார். “திருநாள் கொமிட்டி எண்டு எழுதினது ஆரெண்டு எனக்குத் தெரியும். போன முறை அவரை எடுக்கேல்லை எண்ட எரிச்சல்” என்றார். பிறகு, “தாரும் பாப்பம்” என்று கையை நீட்டினார். நான் கொடுக்கத் தயங்கினேன். அவர் மெதுவாக வாங்கிக் கடைசித் தாளைத் திருப்பினார். பிறகு தாளை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

“செயலாளர் ஐயா, இண்டைக்கு உம்மடை படம் வந்திருக்குது.”

அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்குத் தடிக்காது, தம்பி. ஏசினதைத்தான் நான் முதல் வாசிக்க வேணும். எழுதினவளுக்கு அதுதானே கூலி” என்றார். எங்கள் பஸ் வந்து நின்றது. அப்போதுதான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

“தங்கச்சி ஏதும் எழுதினவளோ?”

“இல்லை, மச்சாள்.”

“ஏசியாவது எழுதியிருப்பாள் எண்டு நினைச்சன்” என்றார்.

பஸ் போய்விடும் என்று சொல்லி நான் ஏறிவிட்டேன். யன்னலால் பார்த்தபோது அவர் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று வியாழன் அவர் அந்த வாங்கில் இருந்தார். சுகம் விசாரித்தோம். கருத்துக்களைப் பற்றிக் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார்.

நாலாவது வாரம் ஒரு காலை நேரம், நான் வேலை செய்கிற கட்டடத்தில் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது சினோராவின் மகன் எனக்குப் போன் அடித்தார். மச்சாள் குசினியில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் முடிந்துவிட்டது என்றார். நான் “கிராட்சியே” என்று நன்றி சொல்லி வைத்தேன். இன்னும் இரண்டு மாடி துடைக்க இருந்தது. அதைத் துடைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. துக்கம் என்று ஒன்று வரும், அப்போது அழலாம் என்று காத்திருந்தேன். அடக்கத்தில் நான்தான் வாசகம் வாசித்தேன், குரல் தடுமாறவில்லை. சினோரா அன்றைக்கும் செய்தி போடச் சொன்னாராம். மச்சாளின் கைப்பையை எங்களிடம் தந்தார்கள். அதற்குள் அந்தப் புத்தகம் இருந்தது. நான் அதை மனைவி காணாத இடத்தில் வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் நின்று துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“புத்தகத்திலை இடம் காணாமல் மற்றப் பக்கத்திலையும் எழுதினனான். வியாழக்கிழமை வீட்டை வா எண்டு. வரேல்லைத்தானே. அவ்வளவு கோவம் அக்காவுக்கு.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குத் தமிழ்ச் சுவாமியிடம் போக வெட்கப்பட்டு இத்தாலியச் சுவாமியிடம் போனேன். என் இத்தாலிய மொழியில் கடதாசி வெட்டினேன், பொய் சொன்னேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மூன்று அருள்நிறைந்த மந்திரம் தந்தார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடம் ஞாயிறு பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்கினேன், அலுமாரியைத் திறந்தேன், பூட்டினேன். மனைவியின் லேஞ்சியில் ஒரு முடிச்சு மட்டும் அவிழ்க்காமல் இருக்கிறது. தோய்த்துத் தோய்த்து அது கல்லாக இறுகிவிட்டது. அது யாருக்கென்று நான் கேட்டதில்லை.

போன வியாழன் இதுவரைக்கும் எழுதிய கொப்பியையும் இந்தப் புத்தகத்தையும் அவளுக்கு முன்னால் வைத்தேன். அடுப்பில் கறி இருந்தது. அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இருந்து வாசித்தாள். கடைசித் தாளைத் திருப்பி அடியில் இருக்கிற ஓட்டையை விரலால் தடவினாள்.

“மற்றப் பக்கம் நீங்கள் பாக்கேல்லையோ?”

“இல்லை.”

“அவவும் பாக்கேல்லை.”

“இல்லை.”

நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன், அது வரவில்லை. கொஞ்ச நேரத்தால் பேனையை எடுத்து, நான் எழுதியிருந்த அவளுடைய வார்த்தைகளில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இது பிழை. ‘வா’ எண்டு ஒருக்கால் இல்லை. ‘வியாழக்கிழமை வீட்டை வா அக்கா, வா’ எண்டு எழுதினனான்” என்றாள். குசினியில் சொன்னபோது அவளே ஒரு ‘வா’வை விட்டுவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குச் சொன்னதை அப்படியே விட்டு, அவள் எழுதினதை இங்கே சரியாக எழுதினேன். அவள் எழும்பிப் போய்த் திரும்பவும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

புத்தகத்தை வருகிற ஞாயிறு அலுமாரியில் திருப்பி வைக்கப் போகிறேன். ஓட்டைகளுக்கு மேல் ஒன்றும் ஒட்டப் போவதில்லை. அவற்றில் இருந்ததைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் கொடுப்பதாக இருந்தால், இருக்கிறபடியே கொடுங்கள். மச்சாளை ஏசின வரிகள் இருக்கட்டும். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம், கூடாததை இரக்கப்பட்டு எடுக்கவும் வேண்டாம். இடம் காணாவிட்டால் மற்றப் பக்கத்திலும் எழுதுங்கள். அந்த இரண்டு ‘வா’வும் அதில் இருக்க வேண்டும்.