லெஃப்ட் பேக்கும் ஸ்ரீரங்கத்துச் சாப்பாடும்

எங்கள் லெஃப்ட் பேக்கின் பிழைப்பைக் கெடுத்தது அம்பயர் அல்ல. நீங்கள்தான், செயலாளர் அவர்களே. இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளப்புகிறாய் என்று கேட்பீர்கள். விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவில் உங்கள் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். அழைப்பிதழ் எனக்கும் வந்தது. உங்கள் பெயருக்கு மேலே ‘நேர்மையின் உருவம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் புரியும்படி, நடந்த கதையில் உங்களைச் செயலாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். திருச்சியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஹாக்கி அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனைத் தற்காலிக குமாஸ்தாவாக எடுப்பார்கள். அந்த வருஷம் அணியில் நின்று ஆடினால் வேலை நிரந்தரம். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். யார் ஆடுவது என்ற பட்டியலை எழுதுகிற பேனா செயலாளர் கையில் இருந்தது. கம்பெனியில் அவர் பெரிய அதிகாரி. எனக்கும் வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

லெஃப்ட் பேக், அதாவது கோலுக்கு முன்னால் இடது பக்கம் தடுத்து ஆடுகிறவர், மருங்காபுரிப் பக்கத்துக்காரர். ஊரில் மானாவாரி நிலம், மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. பாலக்கரையில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். அந்த வருஷம் அவர் சரியாக ஆடவில்லை. இதை நான் மழுப்பமாட்டேன். திரும்புவதற்குள் ஆள் தாண்டிப் போய்விடுவான். அவசரத்தில் அடிக்கும்போது மட்டை தோளுக்கு மேலே போகும். அது தப்பாட்டம், அம்பயர் விசில் ஊதலாம். ஆனால் எங்கள் பக்கத்து மைதானங்களில் பாதி பேர் அப்படித்தான் அடித்தார்கள். ஆளுக்கு அடி படாதவரை அம்பயர்களும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியூர் அம்பயர் வந்தால் காலையில் ஜங்ஷனில் வரவேற்று, அம்மா மண்டபத்தில் குளிக்க வைத்து, கோயிலுக்கு அழைத்துப் போய், மதியம் ஸ்ரீரங்கத்தில் செயலாளர் வீட்டில் இலை போடுவோம். இதை லஞ்சம் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. மரியாதை என்போம். ஆனால் நம் வீட்டில் சாப்பிட்டவர் நமக்கு எதிராக ஊதமாட்டார் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம். வெட்கங்கெட்ட கணக்கு. நானும் போட்டேன்.

மதுரை அணியோடு அரையிறுதி. அன்று பரிமாறப் போனவன் நான். அம்பயர் ரசத்துக்கு வந்திருந்தார். செயலாளர் விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “சார், எங்க லெஃப்ட் பேக் மேல ஒரு கண்ணு வைங்க. மட்டையத் தூக்குவான். நம்ம வீட்டுல சாப்பிட்டோமேன்னு பாக்காதீங்க.”

அம்பயர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “சொந்த ஆளையே சொல்றீங்களே.”

“ஆட்டம்னா நேர்மை வேணும்ல சார். இன்னும் கொஞ்சம் அப்பளம் வைப்பா.”

நான் அப்பளம் வைத்தேன். எவ்வளவு பெரிய மனுஷன் என்று நினைத்தேன். என் கண் கலங்கியது கூட. அந்தக் கண்ணைத்தான் இப்போது பிடுங்கி எறியத் தோன்றுகிறது.

ஹாக்கியில் இரண்டு அம்பயர்கள், ஆளுக்குப் பாதி மைதானம். இடைவேளையில் அணிகள்தான் பக்கம் மாறும், அம்பயர்கள் மாறமாட்டார்கள். முதல் பாதியில் எங்கள் கோல் பக்கம் நின்றவர் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டவர். லெஃப்ட் பேக் மட்டையை அசைத்தால் விசில். இடுப்புக்கு மேலே வந்தாலே விசில். மதுரைக்காரர்களுக்கு ஷார்ட் கார்னர் மேல் ஷார்ட் கார்னர், நம் தப்புக்கு எதிராளிக்குக் கோல் பக்கத்தில் கிடைக்கிற அடி, அதில் இரண்டு கோல். இரண்டாம் பாதியில் எங்கள் கோல் பக்கம் உள்ளூர் அம்பயர். அதே பேக், அதே மட்டை. ஒரே ஒரு தடவை ஊதினார். நாங்கள் தோற்றோம்.

மறுநாள் காலை காந்தி மார்க்கெட் வாசல் டீக்கடையில் விசாரணை. வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர், எந்த ஆட்டத்தையும் விடமாட்டார். அவருக்கு எதிரில் மாதா கோயில் தெரு வாத்தியார், ஹாக்கிச் சட்டப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணியவர். நடுவில் நான்.

“வடை பாயசத்தோட தின்னுட்டு வந்து நம்ம ஆளுக்கே ஊதுறான் பாருங்க,” என்றார் மண்டிக்காரர். “அந்தச் சோத்துல உப்புப் போட்டாங்களா இல்லையான்னு கேளுங்க.”

“ஊதுனதுல என்னங்க தப்பு?” என்றார் வாத்தியார். “மட்டை தோளுக்கு மேல போனா ஃபவுல். உங்க ஆளு விறகு பொளக்குறாரு.”

“அப்ப ரெண்டாவது பாதியில விறகு தீந்து போச்சா? அதே கைதானே சார்?”

“ரெண்டாவது பாதியில பந்து நம்ம கோல் பக்கம் வந்துச்சா? மதுரைக்காரன் ரெண்டு கோல் போட்டுட்டு அவன் பாதியிலயே உருட்டிக்கிட்டு இருந்தான்.”

“நீங்க பேசாம மதுரைக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிருங்க.”

“அம்பயர் மதுரைக்காரன்கிட்ட கை நீட்டிட்டான்னு சொல்றீங்க. பார்த்தீங்களா?”

“கை நீட்டுனதைப் பார்க்கணுமா? விசில் சத்தம் கேட்டுச்சே, போதாது? தம்பி, நீங்கதானே பரிமாறப் போனீங்க. ஆள் எப்படி?”

“நல்லாத்தான் பேசினாரு,” என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. கேட்டதை அங்கே சொல்லியிருக்கலாம். செயலாளர் காதுக்குப் போனால் என் வேலை என்ன ஆகும் என்று தோன்றியது, டீயைக் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து லெஃப்ட் பேக்கே காய்கறிப் பையோடு வந்தார். மண்டிக்காரர்தான் ஆரம்பித்தார். “வாங்க மாப்ளே. பையைப் பார்த்துத் தூக்குங்க. தோளுக்கு மேல போனா கத்திரிக்காய்க்கும் ஊதிருவான்.”

கடையே சிரித்தது. அம்பயரைத் திருடன் என்றவரும் சிரித்தார், அம்பயர் யோக்கியன் என்றவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர், “சரிங்க, வரேங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். ரசிகர்கள் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். தூ.

அடுத்த கோப்பையின் முதல் ஆட்டத்துக்கு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். லெஃப்ட் பேக் இடத்தில் செயலாளரின் மச்சான். மனைவியின் தம்பி. இரண்டு மாதம் முன்னால்தான் தற்காலிகமாகச் சேர்ந்தவன். அப்போதும் நான் ஒன்றும் நினைக்கவில்லை, அத்தனை மந்தம். அந்த ஆட்டத்துக்கு வேறொரு அம்பயர் வந்தார். அதே வீடு, அதே விசிறி, பரிமாறியதும் நான்தான். காவேரியில் வந்த தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள், மாவடுவைப் பற்றிப் பேசினார்கள். மட்டையைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. சாயங்காலம் மச்சான் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி அடித்தான். யாரும் ஊதவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சானுக்கு இடம் காலி செய்யத்தான் அன்றைக்கு அந்த நேர்மை.

நிரந்தரப் பட்டியலில் மச்சான் பெயர் இருந்தது. லெஃப்ட் பேக்குக்கு, ‘ஆட்டம் திருப்தியில்லை’ என்று ஒரு வரி.

அவர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய ஒரு பாய். குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, “நீங்க இதை மத்தியானமே கேட்டீங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“ஆட்டம் நாலரை மணிக்குத்தானுங்களே.” திட்டவில்லை, குரலும் உயரவில்லை. “அதுக்குள்ள ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா மட்டையத் தரையோட வச்சு ஆடியிருப்பேன். நான் ஆட்டக்காரன்தானே.”

அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. பஸ் போய்விட்டது.

என் பங்கை நான் எழுதிவிட்டேன், செயலாளர் அவர்களே. பரிமாறினேன், கேட்டேன், வாயை மூடிக்கொண்டேன். வேலையைக் காப்பாற்றிக்கொண்டு ஓய்வும் பெற்றுவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை, அவன் மட்டையைத் தூக்கினான், உள்ளதைச் சொன்னேன் என்பீர்கள். இருக்கட்டும். உள்ளதைச் சொல்கிறவர் அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? எட்டு மாதம் உங்கள் கண் முன்னால் பயிற்சி செய்தவரிடம் ஒரு நாளாவது, ‘தம்பி, மட்டையை இறக்கு’ என்று சொன்னீர்களா? உங்கள் மச்சானின் மட்டையைப் பற்றி எந்த அம்பயரிடமாவது வாயைத் திறந்தீர்களா?

இதற்கு எனக்குக் கடிதம் போட வேண்டாம். யாரையும் சமாதானம் பேச அனுப்பவும் வேண்டாம். விழா மேடையில் மைக் இருக்கும், ஊரும் இருக்கும். படத்தின் திரையை இழுப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, இந்த இரண்டு கேள்விக்கும் எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.