கடைசியாகத் துடைக்கும் இடம்

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நின்றிருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணி சாதாரணமாகப் பேச மாட்டார். மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, நான் திரும்பக் கூப்பிடும்வரை காத்திருப்பார். அன்று அவரே பேசினார். "எஸ்தர் அக்கா போயிட்டாங்க தம்பி. பொன்னேரி ஆஸ்பத்திரிலதான். நாளைக்கு அந்தாண்ட கரைக்கு நம்ம போட்டுலதான் கொண்டுபோவணும்னு சொல்லிட்டேன்." அழவில்லை. நான்தான் பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி வந்தது, போனது. பள்ளிக்கூட அலுவலகத்துக்கு லீவு சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் பைபர் போட்டு, அதாவது கண்ணாடிநார்ப் படகு, வைத்திருப்பவர்களுக்கு எஸ்தர் அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெயிலும் உப்பும் தின்று, தொட்டால் கையில் சுண்ணாம்பாக ஒட்டும் போட்டை மறுபடி பளபளக்க வைப்பவர் அவர். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் வேலைக்குக் கூலியாகப் போய்க் கற்றுக்கொண்டார். மீனவர்கள் எதிர்த்த துறைமுகம் அது; அந்த வேலைக்குப் போனதற்காக, ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் சொந்தக் குப்பத்திலேயே அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களுடைய போட்டையும் அவர்தான் தேய்த்தார். அதை அவர் சொல்லிக் காட்டி நான் கேட்டதில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது என் முட்டாள்தனத்தால். என் அண்ணன் மாரடைப்பில் இறந்தபின் அவருடைய நீலப் போட்டு மூன்று வருடம் கரையில் சும்மா கிடந்தது. நீலம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. அண்ணியின் தம்பி அதைத் தொழிலுக்கு எடுப்பதாகச் சொன்னதும், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு பாட்டில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். புதுப் போட்டு போல மின்னியது. பெருமை தாங்கவில்லை, போட்டோகூட எடுத்தேன். மறுவாரம் பார்த்தால் கரையில் இருந்த மண்ணும் மீன் செதிலும் கோழி இறகும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. வந்து பார்த்த எஸ்தர் அக்கா ஒரு விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். "இன்னா சார், போட்டுக்குத் தாளிச்சி வெச்சிகிறீங்க?" என்றார். அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டு எடுக்கவே அவருக்கு ஒரு நாள் ஆனது.

அந்த ஒரு விரலை அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எதைக் கண்டாலும் தடவிப் பார்த்து, விரல் நுனியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். என் மகள் கல்யாண மேடையில் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "நேத்துதான் அடிச்சானுங்க, இன்னும் காயல" என்று மாப்பிள்ளையை எச்சரித்தவர். மாப்பிள்ளை அதற்குள் சாய்ந்துவிட்டார்.

வேலையில் அவரிடம் பேரம் செல்லாது. காணும் பொங்கலன்று படகு சவாரிக்கு வரும் கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் தன் போட்டை அவசரமாகப் பளபளக்க வைத்துத் தரச் சொன்னார். அக்கா அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து மயிரிழை போல ஓடிய ஒரு விரிசலைச் சுற்றி வட்டம் போட்டார். வந்தவர் கெஞ்சினார், கோபப்பட்டார். "மொதல்ல இத அடைச்சிகினு வா. விரிசலு உட்ட போட்டை மினுக்கிக் குடுத்தா, அதுல ஏறுற புள்ளைங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார் அக்கா. வந்தவர் போட்டை இழுத்துக்கொண்டு போனார். வழுக்கும் என்பதால் கால் வைத்து ஏறும் இடத்தில் அக்கா மெழுகும் போட மாட்டார், யார் கேட்டாலும்.

இனி அண்ணன் போட்டு விஷயம். எங்கள் கரையில் போட்டுக்குச் சாமி பேர் எழுதுவார்கள், இல்லையென்றால் பிள்ளை பேர். அண்ணன் தன் பெண்டாட்டி பேரை எழுதினார். வெள்ளைப் பெயிண்டால், தன் கையாலேயே, கோணல்மாணலாக, "கோமளா" என்று. ஊரே கேலி செய்தது. அண்ணி வெட்கத்தில் பல நாள் கரைப்பக்கமே வரவில்லை. காலப்போக்கில் வெள்ளை உதிர்ந்துவிட்டது. ஆனால் பெயிண்டுக்கு அடியில் வெயில் படாததால், எழுத்து இருந்த இடம் மட்டும் பழைய நீலத்திலேயே நின்றது. சாம்பல் நிறப் போட்டில் கருநீலமாக அந்தப் பெயர் தெரியும். அண்ணன் போனபின் அண்ணி தினமும் சாயங்காலம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்தப் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது என்று அண்ணி குறுக்கே நின்றார். தேய்க்காமல் விட்டால் மேல்பூச்சு அரித்து, உள்ளே இருக்கும் நார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். நான் இதை விளக்கமாகச் சொல்லி அண்ணியை அழ வைத்ததுதான் மிச்சம். எஸ்தர் அக்கா விளக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அந்தப் பக்கத்தில் ஊற்றினார். நனைந்த இடமெல்லாம் கருநீலமாகி, பெயர் காணாமல் போனது. அண்ணி பதறிவிட்டார். தண்ணீர் காய்ந்ததும் பெயர் திரும்ப வந்தது. "இதுதான் நடக்கப் போவுது கோமளா. உனக்கு மனசு வந்தா சொல்லு, வரலன்னா இந்தப் பக்கத்த உட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் போய் வேலையைத் தொடங்கினார்.

நான்கு நாள் மற்ற இடங்களைத் தேய்த்தார். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்து நனைத்து, பிறகு காம்பவுண்டு என்ற மெருகுப் பசை, கடைசியில் பழைய வேட்டித் துணியால் மெழுகு. ஐந்தாம் நாள் அண்ணி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "நானே தேய்க்கிறேன்க்கா" என்றார். அக்கா அவர் கையில் துணியைக் கொடுத்து, ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். "முக்கியமான எடத்தக் கடைசில தொடு. அதுக்குள்ள கை பதமாயிடும்." அண்ணி ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே வந்தார். சுற்றிலும் நீலம் ஏற ஏறப் பெயர் மங்கிக்கொண்டே வந்தது. உச்சி வெயிலில் அண்ணி துணியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கக்கா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்கா தன் விரலால் அதே இடத்தைத் தடவி, விரல் நுனியைக் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. "பேரு எங்கியும் போவல கோமளா. மொத்தப் போட்டும் இப்ப உன் பேரு கலருக்கு வந்துடுச்சி."

அண்ணி போட்டில் நெற்றியை வைத்து அழுதார். அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அக்கா தேற்றவில்லை. மெழுகு டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வெயில் திரும்புவதற்குள் முடித்துவிடச் சொன்னார். அந்தப் பெயரை மறுபடி எழுதலாமா என்று நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அண்ணி வேண்டாம் என்றே சொல்லிவருகிறார்.

எஸ்தர் அக்காவை எடுத்துப் போகும் நாள் காலையில் நான் கரைக்குப் போனபோது அண்ணி நல்ல தண்ணீர் வாளியோடு போட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணி எடுத்துக்கொண்டு கைக்கு எட்டிய இடத்தில் ஆரம்பித்தேன். "அத உடு தம்பி, அது கடைசி" என்றார் அண்ணி. அப்போதுதான் பெயர் இருந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது. விலகிப் போய் ஓரத்திலிருந்து துடைத்தேன். எனக்கு அக்கா விட்டுப்போனது அந்த வரிசைதான். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பொன்னேரியிலிருந்து அக்காவின் பெட்டி வந்தது. தலைமாடு எந்தப் பக்கம் என்று தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள். அண்ணி வெளிப்பக்கம் ஒன்றும் எழுதாத அந்த இடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலைமாட்டை உள்பக்கம் அதற்கு நேராக வைக்கச் சொன்னார்.