பதினோரு தட்டும் நான்கு புஷ்ஷும்

என் தங்கை வீட்டுக்காரருக்குக் கூர்மையான காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் தொலைக்காட்சி பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் கூடத்திலிருந்தே செய்தி கேட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்டவரே, அந்தத் தீபாவளிக்கு நாங்கள் கிள்ளானில் அவர் வீட்டு முன் போய் இறங்கியபோது, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க மூணாவது லோரோங் சந்துல திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு மச்சான். கடக்கு கடக்குன்னு. தேத்தண்ணிக்குத் தண்ணியே வச்சாச்சு லா."

உள்ளே இருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள். என் மனைவியைச் சேர்த்தால் பதினைந்து.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என்னிடம் இருந்தது மூன்றாம் கை ஜப்பான் கார். மேடு பள்ளம் வந்தால் முன்பக்கம் அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். வீட்டிலிருந்து தங்கை வீடு வரை நூற்று எண்பத்தாறு சத்தம். திரும்பி வரும்போது நூற்று எழுபத்தொன்பது. அந்த ஏழு எங்கே குறைந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கேலி எனக்குப் புதிதல்ல. ஆனால் அடுத்த தை மாதம் தங்கை மகனுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள்; ஆகவே அந்தக் குழந்தைக்கு உலகத்தில் இருந்த தாய்மாமன் மடி ஒன்றுதான். அது என்னுடையது. சீர்த் தட்டுகளோடு நான் போய் இறங்க வேண்டும், வாசலில் ஆரத்தி எடுத்து என்னை உள்ளே அழைக்க வேண்டும். அந்த ஒரு நாளாவது என் கார் வாயைத் திறக்காமல் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மனைவி அதையே வேறு விதமாகச் சொன்னாள்.

"அந்தச் சத்தத்தோட நான் தட்டு தூக்கிட்டு வரமாட்டேன். நான் பஸ்ஸுல போறேன். நீங்க கடக்கு கடக்குன்னு பின்னால வாங்க."

ஸ்பேர்பார்ட்ஸ் கடைத் தவுக்கே காருக்கடியில் குனிந்து பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்துத் தமிழ் கற்ற சீன முதலாளி. "பாஸ், ரப்பர் செத்துப்போச்சு. எல்லாம் மாத்து," என்றார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை வண்டியோடு பொருத்தும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பர் தேய்ந்தால் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு. அவரே மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் படித்தவன், காரோடு வந்த புத்தகமும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காது குத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வேலையைத் தொடங்கினேன். பழைய புஷ்ஷைத் தட்டி எடுக்க முதல் ஒன்றுக்கு நூற்று நாற்பது அடி. புதியதை உள்ளே ஏற்ற, ஒரு நீளப் போல்ட்டில் குழாய்த் துண்டையும் வாஷர்களையும் கோர்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்பானரால் மெல்ல மெல்ல இறுக்கினேன். முப்பத்தொரு சுற்று, முப்பத்து மூன்று, முப்பது. நான்காவது கோணலாகப் போனதால் அதற்கு மட்டும் ஐம்பத்தெட்டு. மாலை ஐந்து மணிக்கு நான்கும் உள்ளே போய்விட்டன.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுதாக முறுக்கக் கூடாது. வண்டி தன் வழக்கமான பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால், கழுத்தைத் திருகிக்கொண்டு தூங்கியவன் மாதிரி ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வழக்கமான பாரம் என்றால் என்ன? நான், மனைவி, இரண்டு பெண்கள், பதினோரு தட்டு. வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. கார் சும்மா தரையில் நின்றாலே போதும் என்று பின்னாளில் ஒரு மெக்கானிக் சொன்னார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் மூன்று மூன்று பலகை அடுக்கி, காரை அதன்மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் கல் வைத்தேன். பிறகு குடும்பத்தை ஏறச் சொன்னேன். மனைவி பட்டுப்புடவையில் மடியில் வாழைப்பழத் தட்டோடு ஏறினாள். பெண்கள் பின்னால். ஐந்து தட்டு பின்னால் சாமான் வைக்கும் பூட்டில், ஆறு மடிகளில். ஒன்றுதான் குறைந்தது. நான் அடியில் படுத்தால் ஓட்டுநர் இருக்கையில் அறுபத்தெட்டு கிலோ இருக்காது.

"அரிசி மூட்டை வைக்கலாமா?" என்றேன்.

"வச்சு அதுக்குப் பெல்ட்டும் போட்டு விடுங்க," என்றாள் மனைவி.

அந்த நேரம் அடுத்த வீட்டு அண்ணன் பேப்பரும் கையுமாக வெளியே வந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். என் உடம்புவாகுதான்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் இங்க வந்து உக்காருங்களேன்."

"எதுக்குத் தம்பி?"

"சும்மா, பாரத்துக்கு."

இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பாயை விரித்து அடியில் போனேன். மேலே அவர் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரிக்க, கார் என் மூக்குக்கு மேல் ஏறி இறங்கியது.

"சிரிக்காதீங்க அண்ணே, வண்டி ஆடுது!"

மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று கேட்டாள். "என்னா அக்கா, கார் ஓடலையா?"

"ஓடும். அவரு எங்கள எடை போட்டுக்கிட்டு இருக்காரு."

மூன்றாவது போல்ட்டில் இருக்கும்போது அண்ணன் குரல் கேட்டது. "ஆமா, எங்க போறோம்?"

"கிள்ளானுக்கு அங்கிள், காது குத்து," என்றாள் சின்னவள்.

"அப்படியா? சொல்லவே இல்ல. இருங்க, வேட்டி மாத்திட்டு வரேன்."

"இறங்காதீங்க!" என்று அடியிலிருந்து கத்தினேன். அது தவறாகிவிட்டது. அவர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார். நான்காவதை முறுக்கி வெளியே வந்து, மனைவியின் ஜன்னலோரம் குனிந்து, இவரை எப்படி இறக்குவது என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துக்குப் பொறப்படுற வண்டியில ஏறி உக்காந்தவர எறங்கச் சொல்லுவாங்களா? போய்க் கைய கழுவுங்க."

நான் குளித்துப் பட்டுவேட்டி கட்டி, பலகைகளை எடுத்துவிட்டு வருவதற்குள் அண்ணனும் வெள்ளை வேட்டியில் பின்சீட்டில் தயாராக இருந்தார், மடியில் தேங்காய்த் தட்டோடு. அறுபத்தெட்டு கிலோ கூடுதல். போல்ட்டை மறுபடி தளர்த்தி முறுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வழியில் சுங்கை வே ஊரைத் தாண்டும்வரை எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. கிள்ளான் வரை மொத்தம் மூன்று சத்தம். மூன்றும் அண்ணனின் முழங்கால் கதவில் இடித்தது. மனைவி என் பக்கம் திரும்பி, "பரவாயில்லயே," என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பின் அவள் அப்படிச் சொன்னது அது நான்காவது தடவை.

நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்து வரை. ஒன்பது இருபத்திரண்டுக்குத் தங்கை வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கேட் சாத்தியிருந்தது. உள்ளே கேசட்டில் நாதஸ்வரம் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. ஆரத்தியைக் காணோம்.

ஆளுக்கு இரண்டு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையாக நின்றோம். பதினோராவது காரின் மேல். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

"ஏங்க, ஹார்ன் அடிங்க."

"தாய்மாமன் ஹார்ன் அடிச்சு ஆரத்தி கேக்கணுமா?"

"அப்போ நேரா உள்ள போவோம்."

"அழைக்காமலா?"

அவளுக்கும் அது பிடிக்காது. ஒரு படி இறங்கிப் போனதாக அவள் பிறந்த வீட்டுப் பக்கத்தில் பேசுவார்கள். ஆகவே இருவரும் நின்றோம். ஒன்பது நாற்பத்தாறு. என் மடி வாசலில் நின்றது, குழந்தை உள்ளே இருந்தது. இன்னும் பதினான்கு நிமிடத்தில் அன்றைய நல்ல நேரம் தீர்ந்துவிடும்.

"தம்பி, அவங்களுக்கு நாம வந்தது தெரியல," என்றார் அண்ணன். தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தார். கார்க் கதவருகே போய்க் கையை மடக்கி அடித்தார்: கடக்கு கடக்கு. கடக்கு கடக்கு. முப்பத்தொரு வருடம் தண்டவாளச் சத்தம் கேட்டவர், தாளம் பிசகவில்லை.

உள்ளே நாதஸ்வரம் நின்றது.

"மச்சான் வந்துட்டாரு! ஆரத்திய எடுங்க!" என்று தங்கை வீட்டுக்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே பெண்கள். "என்னா மச்சான், இவ்வளவு லேட்டு? கேசட்டு சத்தத்துலயும் உங்க காரு கேட்டுடும்னு காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். காது குத்துற பத்தருக்குக்கூடச் சொல்லிட்டேன், சத்தம் வரட்டும், அப்புறம் ஊசிய எடுக்கலாம்னு."

"நாங்க வந்து இருபத்தாறு நிமிஷம் ஆச்சு மாப்ளே. சத்தமே கிடையாது. நான் புஷ் மாத்திட்டேன்."

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு பெரிய மனதோடு சொன்னார்: "ஆமா மச்சான், கொஞ்சம் கொறஞ்சுதான் இருக்கு."

ஒன்பது ஐம்பத்தாறுக்குக் குழந்தை என் மடியில் உட்கார்ந்தான். பத்தர் இரண்டு காதையும் குத்தி முடித்தபோது ஐம்பத்தொன்பது. நாற்பத்திரண்டு நொடி அழுதான். அப்புறம் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தோரம் இருந்த கிரீஸை உற்றுப் பார்த்துவிட்டு வாயில் வைக்கப் போனான். மனைவி பறித்துக்கொண்டாள். பந்தியில் அண்ணனுக்கு முதல் இலை போட்டார்கள்.

அந்த நான்கு புஷ்ஷும் ஆறு வருடம் உழைத்தன. அந்த ஆறு வருடமும் தங்கை வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கார்க் கதவை நான்கு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நான் கேட்டருகே போனேன்.