அய்யாவுக்கு வைத்த மீசை

பக்கத்துத் தச்சுப்பட்டறையில் வஜ்ஜிரப் பசை காய்ச்சினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. புதுக்கோட்டையில் எங்கள் தெருக்கோடி நாடகக் கொட்டகையில் திரைச்சீலைச் சாயத்துக்கு அதைத்தான் காய்ச்சுவார்கள், அதே நாற்றம். ஞாயிற்றுக்கிழமை பகலில் திரை எழுதுகிற ராமையா, எங்களை மாதிரி விடலைகளுக்குக் காசு வாங்காமல் படம் போடச் சொல்லித்தருவார். யாரும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். உலகச் சண்டைக் காலம், தாள் கிடைக்காது. ஒருவன் பாதியில் விட்டுப்போனதை அடுத்து வருகிறவன் முடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

மலேயாவுக்குப் பிழைக்கப் போன, என்னைப் பெற்ற அய்யாவிடமிருந்து கடுதாசியே வரவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. முகம் மறப்பதற்குள் கொட்டகையில் வைத்து வரைந்துவிட நினைத்தேன். கண், மூக்கு, உதடு எல்லாம் அப்படியே வந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்புவதற்குள், கூடப் படம் போடுகிற காதர் அதில் முறுக்கு மீசை வைத்திருந்தான்.

"எங்க அய்யாவுக்கு ஏதுடா மீசை?"

"மலேயாக்காரருக்கு மீசை இல்லாட்டி எடுப்பா இருக்காதுடா!"

"நீ ஏம்ப்பா பாதியில எந்திரிச்சுப் போனே?" என்று ராமையா என்னைத்தான் வைதார்.

அழிக்க அழிக்கத் தாள்தான் கிழிந்தது. கொட்டகையையும் இடித்தாயிற்று. அய்யா திரும்பவே இல்லை. இப்போது கண்ணை மூடினால் அந்த மீசையோடுதான் வந்து நிற்கிறார்.