சிலமலைக்காரன் என்று யார் சொல்வது

போடிப் பக்கத்துக் கபடிப் போட்டியில் இரண்டு விதிகள். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு அணி கொடுக்கும் சம்பளம் வரம்பைத் தாண்டக்கூடாது. களத்தில் இறங்கும் ஏழு பேரில் நாலு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். காசுள்ள ஏலக்காய் வியாபாரி நல்ல ஆட்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாதாம். எங்கள் சிலமலை அணி வரம்பு முழுவதையும் மூன்று வெளியூர்க்காரர்கள் மேல் கொட்டிவிட்டது. உள்ளூர்க் கணக்கில் நாலாவது ஆள் நான். எனக்கு ஜீப்புக் காசும் பரோட்டாவும்தான்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏலக்காய் எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். அப்பா சிலமலைக்காரர். பாகம் பிரிக்காத வயலைத் தம்பி கையில் விட்டுவிட்டு மலையேறியவர், அங்கேயே செத்தும் போனார். அப்பாவின் குடும்பம் அந்த ஊர் என்றாலே உள்ளூர்க்காரன்தான் என்று கமிட்டி ஒத்துக்கொள்ளும். இருந்தும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பை விட்டு இறங்கும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வேன். யாராவது கேட்டுவிட்டால்?

அரையிறுதியன்று கேட்டுவிட்டார்கள்.

"அண்ணே, இவன் கேரளாக்காரன். மெட்டு ஜீப்புல வந்து எறங்குனத நானே பாத்தேன்" என்றான் எதிரணித் தலைவன்.

கமிட்டிக்காரர் என்னைப் பார்த்தார். "ஒன் பங்காளி யாராச்சும் வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். இல்லேன்னா டீமே வெளிய."

எங்கள் தலைவன் சித்தப்பாவை அழைத்துவர பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். அவனுக்கென்ன தெரியும்? அப்பா பங்கையும் சேர்த்து உழுதுகொண்டிருப்பவரே அந்தச் சித்தப்பாதான். 'இவன் என் அண்ணன் மகன்' என்று ஊரறியச் சொன்னால், வயலில் பாதி எனக்கு என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. மண்ணை எடுத்துத் தொடையில் தேய்த்துக்கொண்டே நின்றேன். அணியில் மற்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

சித்தப்பா வந்தார். நேரே கமிட்டியிடம் போகாமல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அப்பு, வயக்காட்டுப் பேச்சு எந்தக் காலத்துலயும் வராதுல்ல?"

எஸ்டேட்டில் வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த வயலை நம்பித்தான் அம்மா ஏலச்செடிக்குள் குனிந்துகொண்டிருக்கிறாள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வராது சித்தப்பா."

அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு போய், "எங்க அண்ணன் மகன்தான். அசல் சிலமலைக்காரன்" என்றார். கூட்டம் கைதட்டியது. நாங்கள் ஜெயித்தோம்.

திரும்பும் வழியில் அம்மா போன் செய்தாள். ஜெயித்ததைச் சொன்னேன்.

"சித்தப்பா வந்தாராமே, எல்லாரு முன்னாலயும் அண்ணன் மகன்னு சொன்னாராமே" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "அப்ப வயல்ல நம்ம பங்குக்கு இனிமே கொறையில்லல்ல?"

அடுத்த வளைவில் டவர் போய்விட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். போகவில்லை.